ஈ டாக்டரின் ஓரவஞ்சனை

தெருவில் அவளுக்கு ஈ டாக்டர் என்று பெயர். ஈக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஈயை ஒழிக்கிறவள் என்று நினைத்தவர்கள் சமையலறைக்கு மருந்து கேட்டு மாடி ஏறி வந்தார்கள். இரண்டுமே இல்லை. அவள் ஈ வளர்க்கிறவள். வாழைப்பழத் தோலைச் சுற்றுமே பொடி ஈ, அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் காய்ச்சி ஊற்றி, பஞ்சால் மூடி, குடும்பம் குடும்பமாக வளர்க்கிறவள். பல்கலைக்கழகத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எதிர் சலூன்காரருக்கு மனசு ஆறவில்லை. "எங்க வீட்டுல சும்மாவே வளருதே, கேக்க ஒரு நாதி இல்ல" என்று, முகத்தில் சோப்போடு வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வார்.

அவள் குடியிருந்தது மாடியில். கீழே அக்காவின் தையல் கடை. ஆய்வுக்கூடத்திலிருந்து அவள் கைப்பையில் எப்போதும் ரெண்டு ஈ இலவசமாக ஏறி வந்துவிடும். அவள் கடையைத் தாண்டும்போது அவை இறங்கிக்கொள்ளும்.

"உன் புள்ளைங்க வந்துடுச்சுடி" என்பாள் அக்கா, அளவு நாடாவால் விரட்டிக்கொண்டே. "பெத்தவளுக்கு மாடி ஏறத் தெரியுது, இதுங்களுக்குத் தெரியல பாரு."

அக்காவின் வாயும் கத்தரிக்கோலும் ஒரே சாணையில் தீட்டியவை. அந்தத் தெருவில் கல்யாணம் செய்துகொண்ட பெண்களில் பாதிப் பேர் அக்கா தைத்த உடுப்பில்தான் போட்டோவுக்கு நின்றார்கள். யாருக்கு இடுப்பில் எவ்வளவு ஏறியது, யாருக்கு இறங்கியது, ஏன் இறங்கியது என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டாள். கேட்டால் மட்டும் சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ஊசியில் நூல் நுழையவில்லை. முதலில் நூலைத் திட்டினாள். அப்புறம் கண்ணாடிக் கடைக்காரனை. அப்புறம் பல்பை மாற்றச் சொன்னாள். அக்காவின் புருஷன், கடையின் பின்பக்கம் இஸ்திரி போடுகிறவர், அதிகம் பேசாதவர், பல்பை மாற்றிவிட்டு அவள் வலது கையைப் பார்த்தார். மடியில் சும்மா கிடந்த கை, தானாக எதையோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதற்கு நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். ஆட்டம் குறைந்தது, போகவில்லை. அக்கா கல்யாண உடுப்பு எடுப்பதை நிறுத்தினாள். மிஷினுக்கு உறை தைத்து, அது கோணலாக வந்துவிட்டதே என்று ரெண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். ஜிப் மாற்றுவது, விளிம்பு மடிப்பது என்று கடை சுருங்கிவிட்டது.

அக்காவுக்காகத்தான் தங்கச்சி இந்த நோய் ஆராய்ச்சியில் இறங்கினாள் என்று தெருவில் கதை கட்டியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், அவள் இறங்கி வெகுகாலம் கழித்துத்தான் அக்காவுக்கு வந்தது. நோயே இவள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்த மாதிரி.

"அப்படி என்னதான்டி பண்ற அங்க?" என்று அக்கா கேட்டது அப்போதுதான். அதுவரைக்கும் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

இவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாசலில் நேற்றிலிருந்து நாறிக்கொண்டிருந்த குப்பைப் பை கண்ணில் பட்டது. இவளுடைய பைதான்.

"குப்பை வண்டி எந்தப் பையை எடுக்கும்?"

"பச்சை ஸ்டிக்கர் ஒட்டின பையை."

"ஒட்டலன்னா?"

"கிடக்கும். நாறும். நீ ஒட்டாமலே கொண்டுவந்து வைக்கிறதால தெருவுக்கே தெரியும்."

"அதேதாங்க்கா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம்னு ஒரு கூட்டம் ஓடியாடி வேலை செய்யுது. அதுல சிலது கோணலா மடிஞ்சு கெட்டுப்போயிடும். கெட்டதுமேல ஸ்டிக்கர் ஒட்டறதுக்குன்னே ஒரு ஆள் இருக்கான். அவன் ஒட்டிட்டா, உள்ள ஒரு அரவை மிஷின் இருக்கு, இழுத்துப்போட்டு பொடிப்பொடியா நறுக்கிடும். மூளை செல்லுல அந்த ஸ்டிக்கர்காரன் வேலைக்கு வரலன்னு வச்சுக்கோ."

"நாறும்."

"நாறாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையாயிடும். வருஷக்கணக்கா சேரும். செல்லு மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்புறம்..." அதற்குமேல் சொல்லாமல் அக்காவின் கையைப் பார்த்தாள்.

அக்காவும் அந்தக் கையையே பார்த்தாள். "அப்போ என் மண்டைக்குள்ள குப்பை வண்டி வரல."

"அப்படித்தான் நினைக்கிறோம்."

"நீ வைக்கிற பையெல்லாம் அங்கதான் போகுது போலிருக்கு" என்றாள் அக்கா. உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டி உஸ் என்று நீராவி விட்டது. மாமா சிரித்தால் சத்தம் அப்படித்தான் வரும்.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது இதுதான். ஈக்கு ஒரு குணம் உண்டு. கீழே தள்ளினால் மேலே ஏறும். யாரும் சொல்லித்தர வேண்டாம், அதன் பிறவிப் புத்தி அது. அக்காவுக்கு வந்த அதே நோயை வரவழைத்த ஈ ஏறாது. ஏற ஆரம்பிக்கும், நடுவழியில் எதற்கு வந்தோம் என்று மறந்துபோனதுபோல நிற்கும், சறுக்கும். ஆகவே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஈயைப் போட்டு, ரப்பர் விரிப்பின்மேல் ஒரு தட்டு தட்டுவாள். எல்லா ஈயும் அடியில் விழும். குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டை எத்தனை ஈ தாண்டுகிறது என்று எண்ண வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. இதற்காக ஒவ்வொரு ஈயாக மயக்கி, நுண்ணோக்கியில் பார்த்து, ஓவியம் வரைகிற மெல்லிய தூரிகையால் ஆண் ஒருபக்கம் பெண் ஒருபக்கம் என்று பிரித்துப் பிரித்து அவளுக்குக் கழுத்து வலியே நிரந்தரமாகிவிட்டது.

அவள் வருஷக்கணக்காகத் தேடியது அந்த ஸ்டிக்கர்காரனைத்தான். ஒருவனைச் சந்தேகப்பட்டுப் பிடித்தாள். நோயுள்ள ஈக்களில் ஒரு பாதிக்கு அவனைக் கூடுதலாகக் கொடுத்தாள். மற்ற பாதிக்குக் கொடுக்கவில்லை. வயதாகும்வரை காத்திருந்தாள். தட்டினாள்.

ஏறின.

கொடுக்காதவை அடியில் கும்பலாகத் தடுமாறிக்கொண்டிருக்க, கொடுத்தவை கோட்டைத் தாண்டி, மேலே பஞ்சுக்கே போய் முட்டிக்கொண்டு நின்றன.

பக்கத்து அறையில் ஒரு விஞ்ஞானி இருந்தார். எதைச் சொன்னாலும் "ஆனா" என்று ஆரம்பிப்பார். காலை வணக்கம் சொன்னால்கூட, "வணக்கம். ஆனா, மழை வரும்போல இருக்கு" என்பார். ஆனா சார் என்றே பெயராகிவிட்டது. அவருக்கும் ஈ டாக்டருக்கும் ஏதோ இருக்கிறது என்று தெருவில் பேச்சு. ஒருநாள் மழையில் ஒரே குடையில் வந்ததை சலூன்காரர் பார்த்திருக்கிறார். குடையில் அதிகப் பங்கு யார் தலைமேல் இருந்தது என்பதுவரைக்கும் பார்த்திருக்கிறார்.

"ஆனா, எது எந்தக் குழாய்னு தெரிஞ்சுக்கிட்டே எண்ணினா, ஆசைதான் மேடம் எண்ணும்" என்றார் ஆனா சார்.

அது அவளுக்குத் தெரியாதா? தட்டியதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து, குழாயின் பெயரைப் படத்தில் மறைத்து, அவரிடமே கொடுத்தாள். அவர் ஒரு பெரிய திரையில் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எண்ணினார். எண்ணி முடித்து மறைத்ததை எடுத்துப் பார்த்தால், ஏறினதெல்லாம் அவள் கொடுத்தவை. அடுத்த வாரம் பெரிய கூட்டம். வெளியூர்களிலிருந்து இந்தத் துறையின் ஜாம்பவான்கள் வருகிறார்கள். அவளுடைய பேச்சுதான் முதலில்.

அந்தச் சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கவில்லை, ஓடினாள். கைப்பையில் வந்த ஈக்கள்கூடப் பயந்து வழியிலேயே இறங்கியிருக்கும்.

"அக்கா, ஏறிடுச்சு!"

"எது?"

"ஈதாங்க்கா! நோய் வந்த ஈ! ஏறுதுக்கா!"

அக்கா எழுந்து போய், மிஷின்மேல் கிடந்த அந்தக் கோணல் உறையை உருவி, மடித்து, அலமாரியில் வைத்தாள்.

"அக்கா, இரு. ஈக்கும் மனுஷனுக்கும் நடுவுல இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. மருந்துன்னு ஒண்ணு வரணும், அதுக்குள்ள..."

"ஏறுதா இல்லையா?"

"ஏறுது."

"அப்போ சும்மா இரு."

மறுநாளே மருந்துக்கடைக்காரர் மகளின் கல்யாண உடுப்பை ஒப்புக்கொண்டாள். நல்ல துணி. ஒருதரம் தப்பாக வெட்டினால் ஒட்டவே முடியாத துணி. எதிர்த்தெருவில் ஒரு தையல்காரி உண்டு, அக்காவுக்கு ஜென்ம வைரி. அவளிடம் போகவிருந்த ஆர்டர் அது. அக்கா நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டாள்.

பெருமை அத்தோடு நிற்கவில்லை. "அந்த வீடியோவை எனக்கு அனுப்பு" என்று வாங்கி, கடையில் ஸ்பீக்கரோடு சேர்த்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்ட ஆரம்பித்தாள். ஜிப் மாற்ற வந்தவர்கள் ஜிப்பை மறந்து ஈ பார்த்துவிட்டுப் போனார்கள்.

விடுமுறை நாள் ஒன்றில், ஈ டாக்டர் தேநீர்க் கோப்பையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே கடையில் சலூன்காரர், மருந்துக்கடைக்காரர் மகள், அக்கா. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. படியிலிருந்து அவளுக்குப் படம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

டொம். டொம். டொம்.

கொஞ்சம் பொறுத்து, டுக். டுக். டுக்.

மறுபடி டொம்.

அவள் கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. படத்தைப் பார்க்காமலே அவளுக்கு எது எந்தக் குழாய் என்று தெரிந்தது. டொம் என்றால் கொடுக்காத குழாய். டுக் என்றால் கொடுத்த குழாய். பிடிக்காத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி ஒன்று, தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி இன்னொன்று.

எண்ணும்போதுதான் பெயரை மறைத்தாள். தட்டும்போது மறைக்கவில்லை. ஒவ்வொரு குழாயாக எடுத்து, பெயரைப் படித்து, தட்டினவள் அவள்தான். ஓங்கித் தட்டின ஈ விழுந்த வேகத்தில் கிறுகிறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும். மெதுவாகத் தட்டின ஈ எழுந்து உடனே நடக்கும். ஆசை எண்ணிக்கையில் நுழையக் கூடாது என்று வாசலுக்குப் பூட்டுப் போட்டாள், அது கை வழியாக நுழைந்துவிட்டது.

கீழே சலூன்காரர் கைதட்டினார். "அடேங்கப்பா, என்னமா ஏறுது!"

"என் தங்கச்சி வளர்ப்பு" என்றாள் அக்கா.

தேநீர் ஆறிப்போனது. அவள் மாடிக்கே திரும்பினாள். அந்த வித்தியாசம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆனா சார் பாட்டுக் கேட்டுக்கொண்டு எண்ணினவர். கடையில் எல்லாரும் ஈயைத்தான் பார்க்கிறார்கள், தட்டுகிற சத்தத்தை யார் கேட்கிறார்கள்? கூட்டத்தில் வீடியோவைச் சத்தம் இல்லாமல் போட்டால் முடிந்தது. இப்படியெல்லாம் நினைத்துப் பார்த்தாள், நினைக்காமல் இருக்க அவள் என்ன கல்லா? நினைத்துக்கொண்டே ஒரு காலிக் குழாயை எடுத்து மேஜைமேல் ஒரே அளவாகத் தட்டிப் பார்த்தாள். "இது கொடுத்தது" என்று மனதில் சொல்லிக்கொண்டால், கை தானாகவே மெத்தென்று இறங்கியது. தெரிந்தே தட்டினால்கூட அந்தக் கை திருந்தவில்லை. அது கொஞ்சம் பயமாகவும், நிஜத்தைச் சொன்னால், கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

மறுநாள் ஆனா சாரைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க சார்" என்று வெறும் சத்தத்தைப் போட்டாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசிவரைக்கும் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஆனா இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஆமா மேடம்."

அவர் "ஆனா" என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு அப்போது ஏக்கமாக இருந்தது. சற்று நேரம் கழித்துச் சொன்னார்.

"ஆனா, அடுத்த செட் ஈ வயசாகி ரெடியா நிக்குதே. கூட்டத்துக்கு முன்னாடி மறுபடி தட்டலாம். எல்லாக் குழாயையும் ஒரே மரச் சட்டத்துல சேர்த்து வச்சு, ஒரே தட்டா தட்டிட்டா எல்லா ஈக்கும் ஒரே அடிதான்."

"சட்டம் எங்க இருக்கு?"

"பட்டறையில கேட்டேன்னா அடுத்த மாசம்பாங்க" என்று தலையைச் சொறிந்தார்.

சட்டம் இருக்கட்டும், அக்காவிடம் யார் சொல்வது? சாயங்காலம் அவள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள். அதையும் விட்டிருக்கலாம் என்று இறங்கும்போது தோன்றியது. கடைக்குள் போனால், வெட்டு மேஜைமேல் அந்தக் கல்யாணத் துணி விரிந்திருந்தது. சாக்பீஸால் கோடுகள் போட்டாகிவிட்டது. அக்கா பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்துத் துணிக்கு நேரே பிடித்திருந்தாள்.

"வெட்டாதே!"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "சனியனே, இப்படியா கத்துவே? கை தவறியிருந்தா அந்தப் பொண்ணு போர்வையைக் கட்டிக்கிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போகணும்."

"அக்கா, ஈ ஏறல."

"என்னடி உளர்ற? நானே பார்த்தேனே."

"ஏறிச்சு. ஆனா நான்தான் ஏத்தினேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ரப்பர் விரிப்பு, டொம், டுக், கை செய்த வேலை, எல்லாம். சொல்லும்போது அவள் கையும் சேர்ந்து தட்டிக் காட்டியது. பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியின் உஸ் நின்றுபோனது.

அக்கா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். "உனக்குப் பிடிச்ச ஈயை மெதுவா தட்டின."

"தெரியாம பண்ணிட்டேன்."

"பிடிக்காத ஈயைச் சாத்திட்ட."

"ஆமா."

"அது உனக்கு என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றாள் அக்கா. சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள். அது எண்ண ஆரம்பித்தது. "அப்போ என் கை?"

இதைத்தான் கேட்பாள் என்று பஸ் முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. "தெரியாதுக்கா. நேத்து வரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்போ ஒண்ணுமே தெரியாது. மறுபடி ஒழுங்கா தட்டிப் பார்த்தாதான்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னு சொல்லுவேன்."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"ஆமா."

"இந்தத் துணியை வெட்டறதா வேணாமா, அதைச் சொல்லு."

"அது உன் கை, உன் துணி. நான் எப்படிச் சொல்றது? என் ஈயை நம்பி மட்டும் வெட்டாதேக்கா."

அக்கா துணியை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சாக்பீஸ் கோடு கலையாமல் பக்குவமாக மடித்தாள். மடித்துக்கொண்டிருக்கும்போதே தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று தங்கச்சி கிட்டே ஓடினால், அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் பிஸ்கட் உடைச்சுக் குடுன்னு உன்கிட்ட குடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பெரிய துண்டு எனக்குத்தான் வரும். கேட்டா அதுவா உடைஞ்சிடுச்சும்பே. நானும் என் அதிர்ஷ்டம்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்டி இவ்வளவு வருஷமா!"

"அது நிஜமாவே தானாத்தான் உடையும்."

"உடையும் உடையும்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எப்போ மறுபடி தட்டப்போற?"

"நான் தட்டக் கூடாது. சட்டம் ஒண்ணு வேணும், எல்லாக் குழாயையும் வரிசையா இறுக்கிப் பிடிக்கிற மாதிரி. பட்டறைக்காரங்க அடுத்த மாசம்கிறாங்களாம்."

"குழாய் எவ்வளவு மொத்தம்?" என்றாள் அக்கா. அளவு நாடா ஏற்கெனவே கழுத்திலிருந்து இறங்கிவிட்டது.

கண்ணாடி மாதிரித் தெரிகிற மழைக்கோட்டுத் துணியில், பலகை ஒன்றின்மேல், அக்கா தைத்த பைகள் வரிசையாக, குழாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எலாஸ்டிக். மாமா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாண உடுப்பில் பாதி தைத்திருக்கக்கூடிய நேரம் அக்காவுக்கு இந்தப் பைகளுக்கு ஆனது. சும்மா இருக்கும்போது ஆடுகிற கை, துணியை அழுத்திப் பிடித்ததும் கொஞ்சம் அடங்கியது. அடங்கினது அவளுக்கே ஆச்சரியம். ஆனாலும் தையல், குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் நடை மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனது.

"கோணலா இருக்கு" என்றாள் அக்கா, தூக்கிப் பிடித்து.

"ஈ பார்க்காது" என்றார் மாமா. அந்த வாரம் அவர் பேசிய வாக்கியம் அதுதான்.

தட்டுகிற அன்றைக்கு அக்காவும் கூட வந்தாள். "நான்தான் தட்டுவேன். என் கைக்கு ஓரவஞ்சனையே தெரியாது. எல்லாருக்கும் ஒரே ஆட்டம்" என்றாள். ஆய்வுக்கூடத்தில் நுழையும்போது போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். போட்டதும் தோள்பட்டையைக் கிள்ளிப் பார்த்தாள். "இதை யாரு தச்சது? கை எங்க, உடம்பு எங்க? இதைப் போட்டுக்கிட்டா வியாதிக்கு மருந்து தேடுறீங்க?" அப்புறம் ஆனா சாரைத் தலை முதல் கால்வரை அளந்தாள். "குடைக்காரர் இவருதானா?"

ஆனா சார் காது சிவந்து, "ஆனா, அன்னைக்கு மழை" என்றார்.

ஆனா சார்தான் குழாய்களின் பெயர்களைத் துணித் துண்டு ஒட்டி மறைத்து, கலைத்துப்போட்டு, பைகளில் சொருகினார். எது எங்கே என்று அவருக்கே மறந்துபோகும்படி கலைத்தார். ஓரவஞ்சனைக்காரியை அறைக்குள் விடக் கூடாது என்று அக்கா உத்தரவு. ஈ டாக்டர் சொந்த ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நடையில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அக்கா பலகையை ரெண்டு கையாலும் தூக்குகிற சத்தம் கேட்டது.

டம்.

ஒரே சத்தம். "ஏறுடா. டேய், நீதான், தூங்கறியா?" என்று அக்காவின் குரல். மறுபடி டம். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. ஒரு தடவை பலமாக, ஒரு தடவை லேசாக, பலகையே நடுங்கிக்கொண்டு இறங்கியது கேட்டது. ஆனால் எந்த அடியானாலும் எல்லாக் குழாய்க்கும் சேர்த்தே விழுந்தது. அவள் காதை எவ்வளவு தீட்டிக்கொண்டு கேட்டும் எது எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க நிம்மதியாக இருந்தது.

ஆனா சார் எண்ணினார். இந்தத் தடவை பாட்டு கேட்கவில்லை. துணித் துண்டுகளைப் பிய்த்தார். பிய்க்கும்போது ஈ டாக்டர் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உதடு பிதுக்குகிற முகமாக இருந்தது.

"குறைஞ்சிருக்கு மேடம். முன்ன பார்த்ததுல பாதிக்கு மேல காணோம்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா," என்றார் ஆனா சார், "இருக்கு. கொடுத்த குழாய் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் அதிகமாத்தான் ஏறியிருக்கு. ஒண்ணுகூட விதிவிலக்கு இல்ல."

அவருடைய ஆனாவை யாராவது அவ்வளவு ஆசையாக அதுவரைக்கும் கேட்டிருப்பார்களா என்று தெரியாது. ஈ டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். குலுக்கி முடித்த பிறகும் விடவில்லை என்பது அக்கா தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்த தகவல்.

கூட்டத்தில் அவள் முதலில் படமே போடவில்லை. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, டொம், டுக் என்ற சத்தத்தைப் போட்டாள். ஜாம்பவான்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முன்வரிசையில் ஒருவர் முதலில் சிரித்தார், அப்புறம் அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் ரெண்டு பேர் மட்டும் சிரிக்காமல், அவரவர் ஆய்வுக்கூடத்துக்கு அவசரமாகப் போன் போட்டார்கள். அதற்குப் பிறகு கோணல் தையல் போட்ட பைகளைக் காட்டி, மீதியிருந்ததைச் சொன்னாள். சின்னதுதான். அதை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அவள் சாப்பாட்டு நேரம் முழுக்க பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பினபோது மிஷின்மேல் உறை இல்லை. மிஷினுக்கு முன்னால் எதிர்த்தெருத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் ஜென்ம வைரி, அக்காவின் நாற்காலியில்! அவளுக்கு முன்னால் அந்தக் கல்யாணத் துணி, வெட்டினபடி.

"அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "என் கை ஆடும்மா, வெட்டறதையும் வெளித் தையலையும் இவ பார்த்துப்பா, உள் தையல் நான், அளவு நான், திட்டுறது நான்னேன். ஒத்துக்கிச்சு."

"திட்டுறது மட்டும் காலையிலிருந்து நடக்குது" என்றாள் வைரி, மிஷினை நிறுத்தாமல்.

"நீ மாத்திரம் உள்ளதைச் சொல்லுவே, நான் சொல்ல மாட்டேனா?" என்று தங்கச்சியைக் கேட்டுவிட்டு, அக்கா மடியில் கிடந்த உள் துணியை அழுத்திப் பிடித்து, மெதுவாக ஊசியை இறக்கினாள். தையல் கோணலாகத்தான் போனது. போனது.

கடையின் ஸ்பீக்கரில் இப்போது புது வீடியோ ஓடுகிறது. சலூன்காரர் ஒருநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது? முன்ன எல்லாம் ஜிவ்வுனு ஏறிச்சு. இப்போ ஏதோ ஒண்ணு ரெண்டுதான் ஏறுது."

"முன்ன ஏறினது என் தங்கச்சியோட பாசம்" என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்போ ஏறுறதுதான் ஈ."